பூட்டிய கேட்டுக்கு அந்தப் பக்கம் ஏழு கன்னிமார்

போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓசூரில் நான் வேலை பார்க்கும் ஃபேக்டரியில் எனக்குப் பக்கத்து மேசை மாதம்மாவுடையது. தேன்கனிக்கோட்டைக்கு மேலே, மலையிலுள்ள ஓர் இருளர் குடியிருப்பிலிருந்து வந்தவள். "எங்க கன்னிமாருக்குப் பொங்கல் வைக்கிறோம், வாக்கா. இந்த வாட்டி சண்டை வந்தாலும் வரும்" என்றாள். சண்டை என்றதும்தான் நான் கிளம்பினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

காலை 6.10க்கு ஓசூரிலிருந்து கெலமங்கலம் வழியாக டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 7.25க்குத் தேன்கனிக்கோட்டை. அங்கிருந்து ஷேர் ஜீப். பதினெட்டு கிலோமீட்டர், ஆளுக்கு எழுபது ரூபாய். ஆள் நிரம்பாமல் எடுக்க மாட்டார்கள், பொறுமை வேண்டும்.

ஜீப் ஓட்டிய சலீம் பாய், "ரிசார்ட்டுக்கா?" என்று கேட்டார். மாதம்மா வீட்டுக்கு என்றதும் முன் சீட்டைக் காட்டினார். "அப்ப இங்க உக்காருங்க. ரெண்டு வருசமா அந்த ரிசார்ட்காரன் பாதைல கேட்டு போட்டு வெச்சிருக்கான். இவங்க சாமியும் அந்தப் பக்கம், ஊத்துத் தண்ணியும் அந்தப் பக்கம்."

ரோடு முடிந்த இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை. குடியிருப்பில் மொத்தம் இருபத்திரண்டு வீடுகள். கரடுமுரடான பாதை, ரிசார்ட்டின் பெரிய ஜீப்புகள் மட்டும் ஏறும், ஆம்புலன்ஸ் ஏறாது. போன கோடையில், மூன்று கிலோமீட்டர் சுற்றிப் போய் ஓடைத் தண்ணீரைச் சுமந்திருக்கிறார்கள். இவ்வளவுக்கும் ஊற்று கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

10.30க்கு, முந்தின நாளே வந்துவிட்டிருந்த மாதம்மாவும் ஊராரும் நானுமாகப் பானை, ராகி, தேன், மேளத்தோடு கிளம்பினோம். கேட் பூட்டியிருந்தது. ரிசார்ட் மேனேஜர் தன்மையாகத்தான் பேசினார். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் தொறக்கிறேன். அஞ்சு பேர் போய்க் கும்பிட்டு வந்துடுங்க."

"ஒரு நாள் மட்டும்னா வேணாங்க" என்றாள் மாதம்மா. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். "தாலுக்கா ஆபீசுல வாங்குன கிராம வரைபடம். இந்தக் கோடு வண்டிப்பாதை. ரெண்டு பக்கமும் நெலம் வாங்குனீங்க, சரி. பாதைய உங்களுக்கு யாரு வித்தாங்க?"

அவர் முதலாளிக்குப் போன் போட்டார். பேசிவிட்டு வந்து, போலீசைக் கூப்பிடப் போவதாகச் சொன்னார்.

"கூப்புடுங்க. அவங்க வர்ற வரைக்கும் நாங்க இங்கதான் இருக்கோம்" என்றாள் மாதம்மா.

எல்லோரும் பாதையிலேயே உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன், முதலில் பயந்துகொண்டு, பிறகு பயமில்லாமல். மேளம் நிற்கவில்லை. கேட்டுக்கு உள்ளே, வெளியேற முடியாமல் ரிசார்ட்டின் மூன்று ஜீப்புகள். 12.40க்கு வந்த எஸ்.ஐ. வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். "தொறந்து வுடுங்க. ஆட்சேபனை இருந்தா கோர்ட்ல சொல்லுங்க" என்றார் மேனேஜரிடம்.

பூட்டைத் திறந்துகொண்டே மேனேஜர், "நீங்க திரும்பி வந்ததும் பூட்டிடுவேன்" என்று முணுமுணுத்தார். அது மாதம்மாவின் காதில் விழுந்தது. தன் அண்ணனைப் பார்த்தாள். அவரும் இன்னும் மூன்று பேரும் கேட்டைக் கீலிலிருந்து தூக்கி, கீறல் படாமல் ரிசார்ட் சுவரில் சாய்த்து வைத்தார்கள். "உங்க பொருளு, பத்தரமா வெச்சிக்குங்க" என்றாள் அவள். எஸ்.ஐ. தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கன்னிமார் என்பவை மரத்தடியில் ஏழு கற்கள். கூரை கிடையாது, பூசாரியும் கிடையாது. "நாங்க நனையறப்ப அவங்களும் நனையணும், அப்பதான் எங்க ஆளு" என்றாள் மாதம்மா. என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். "ஒண்ணும் கேக்கலக்கா. வந்துட்டோம்னு சொன்னேன்." பொங்கல் வெந்ததும் ஊற்றில் ஒரு குடம் எடுத்து எனக்குத்தான் முதலில் ஊற்றினாள்.

ரிசார்ட் வழக்குப் போட்டிருக்கிறது. வாய்தா நாட்களில் மாதம்மா சம்பளத்தை விட்டுவிட்டு கோர்ட்டுக்குப் போகிறாள். ஒரு வாய்தாவுக்கு நானும் லீவு போட்டேன். சூப்பர்வைசர் முறைத்தார், முறைக்கட்டும். இதுவரை கேட் மறுபடி ஏறவில்லை. தினமும் தண்ணீர் அந்த வழியாகத்தான் வருகிறது.

போக விரும்புகிறவர்களுக்கு: கடைசி ஜீப் மாலை 4.30. சாப்பாடு கையில் இருக்கட்டும். கற்களுக்கு இருபதடி முன்பே செருப்பைக் கழற்றிவிடுங்கள். படம் எடுக்கக் குடியிருப்பில் கேளுங்கள், வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். பாதையில் யாராவது மறித்து, யாரைக் கேட்டு வந்தீர்கள் என்றால், இருளரைக் கேட்டு வந்தோம் என்று சொல்லுங்கள்.