மூன்றாம் ஓலை

எங்கள் கோயிலில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். ஓலை என்று பெயர்தான், இருப்பது காகிதம். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், யாருக்காவது தடை தெரிந்தால் எழுந்து சொல்லுங்கள் என்று கேட்பார்கள். மலாயா சுதந்திரம் வாங்கிய மெர்டேக்காவுக்கு முந்தைய மாதம் அந்த ஓலையில் என் பெயர் வந்தது. மற்றப் பெண்கள் வெட்கப்படுவார்களாம். எனக்குப் பயமாக இருந்தது.

காரணம் பெஞ்சுதான். மலாக்காவில், காஜா பேராங் பகுதியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். உள்ளே போனபின் பின்பெஞ்சிலிருந்து முன்பெஞ்சுக்கு மட்டும் எங்களுக்கு வழி கிடையாது. முன்னால் உட்காருகிறவர்கள் ஒரு சாதி, எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளிலிருந்து வந்த நாங்கள் வேறு சாதி. எங்கேயும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் முன்பெஞ்சுக்காரர், வக்கீல் ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி. தகப்பன் இல்லாத அவரை வளர்த்தது பெரியப்பா. ஊன்றுதடியோடு முதல் பெஞ்சில் உட்காருகிற பெரிய மனுஷர்.

இரண்டாம் ஓலை வாசித்த வாரம் அந்தப் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே தடியை அப்பாவை நோக்கி நீட்டினார்.

"மூணாவது ஓலையில நான் எந்திரிப்பேன். உன் மக யாரு, எந்த லயத்துல பொறந்தவன்னு கோயில்லயே சொல்லுவேன். பாத்துக்க."

ரோட்டு வேலை பார்த்துக் காய்த்துப்போன கைகளைக் கூப்பி அப்பா இன்னொருவரைக் கும்பிட்டதை அன்றுதான் பார்த்தேன். எங்கள் வெள்ளைக்காரச் சாமியார் மாசக் கடைசியில் கப்பலேறுகிறார். ஒருவர் எழுந்து ஏதாவது சொல்லிவிட்டால் விசாரணை என்பார்கள், கல்யாணம் நின்றுபோகும். அடுத்து வருகிற சாமியார் யார் பக்கமோ, யாருக்குத் தெரியும்?

அம்மா அழுதாள். "இந்த மலாக்காவுல வேற சபையா இல்ல? ஆத்தாடி, இந்த அவமானம் நமக்கு எதுக்குடி? அங்க போயி கட்டிக்குங்க."

"நான் ஏன் போகணும்? எனக்கு ஞானஸ்நானம் குடுத்த தொட்டி இங்கதானே இருக்கு. அது என்ன அவரு அப்பன் வீட்டுத் தொட்டியா?"

வாய்தான் அப்படிப் பேசியது. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு. வழக்கமாக ஓலை வாசிக்கிற உபதேசியார் வரவில்லை. காய்ச்சலாம். நல்ல காய்ச்சல், போங்கள்! சாமியாரே காகிதத்தை எடுத்தார். பின்பெஞ்சில் ஒன்றும் சரியாகக் கேட்காது என்பதால் நான் பக்கவாசல் ஓரமாகப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பெயர், அப்பா பெயர், அவர் பெயர். பிறகு கேட்டார்:

"யாருக்காவது தடி இருந்தால் எழுந்து சொல்லுங்கள்."

தடை அவர் வாயில் தடியாகிவிட்டது. பெரியப்பா எழுந்தார். தடியை நன்றாக ஊன்றி நின்று தொண்டையைச் செருமினார். மாதாவே என்று நான் தூணை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அதற்குள் முன்பெஞ்சில் ஒரு சின்னப் பெண் கத்தியது.

"சாமி, தாத்தாகிட்ட இருக்கு!"

கோயிலே கொல்லென்று சிரித்தது. பெரியப்பா வாயைத் திறந்தார், மூடினார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாத சாமியார் அவரைப் பார்த்து, "நல்லது, நல்லது, உட்காருங்கள்" என்றார். முகம் கறுத்துப்போய் அவர் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்தாள். "எதுக்குடி சிரிச்சாங்க? நம்மளைப் பாத்துத்தானே?" பின்பெஞ்சில் ஒரு சொல்லும் காதில் விழாமல், பூசை முடியும்வரை தலையைக் குனிந்தே இருந்திருக்கிறாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. அந்த மனுஷர் செய்தது அநியாயம் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. ஓர் எழுத்து பிசகியதால் பிழைத்தேன். இதுவா திருச்சபை என்று அன்று கேட்டேன், பிறகும் பல தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் எழுந்து போக மட்டும் மனம் வரவில்லை.

கல்யாணம் முடிந்த அடுத்த ஞாயிறு, என் வீட்டுக்காரர் ஆண்கள் பக்கம் போகுமுன் மெதுவாகச் சொன்னார். "முன்னால போயி உக்காரு." போய் இரண்டாம் பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கிருந்த இரண்டு பெண்கள் சேலையை இழுத்துச் சுருட்டிக்கொண்டு நகர்ந்து போனார்கள். முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பு. ஆண்டவரே, இன்றைக்கு ஒருநாள் மட்டும் என்னை எழுந்து ஓட விடாதேயும் என்று வேண்டிக்கொண்டேன்.

பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். திரும்பிப் பார்க்கவே பயம். பிறகு ஒரு கை என் கையைத் தேடிப் பிடித்தது. பிடித்ததை விடாமல் இறுக்கிக்கொண்டது.

அம்மா.

சாமியார் பிரசங்கம் ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, முக்காட்டுக்குள்ளிருந்து என் காதோடு கேட்டாள்.

"இங்கேருந்து இவ்வளவு நல்லாவா கேக்கும்?"