எண்ணெய் ஒழுகிய கை

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலேர்மோவில் இலக்கிய மாணவியாக இருந்தபோது, எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்க்க நான் போவதுண்டு. அன்று போனது என் அண்ணாவுக்காக. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அகதி அனுமதி, எங்கள் ஆட்கள் சொல்லும் பெர்மெஸ்ஸோ, கேட்டிருந்தார். இடது முன்கையிலிருந்த தழும்பு எப்படி வந்தது என்று ஒரு மருத்துவர் எழுதித் தரவேண்டும். இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பலேர்மோவின் சீசா பகுதியில் தன் வீட்டில் எங்களை வைத்திருந்த சித்தப்பாவும் கூட வந்தார். கதையை அவர்தான் கட்டியிருந்தார்.

"ஆமி கம்பியாலை சுட்டது எண்டு சொல்லு. உண்மையைச் சொல்லி ஆருக்கு பெர்மெஸ்ஸோ கிடைச்சது?"

மூத்தவர் கட்டிய கதையை எங்கள் வீடுகளில் யாரும் மாற்றுவதில்லை. அதையே மொழிபெயர்த்தேன்.

மருத்துவர் முதியவர். கட்டாய இராணுவ சேவைக்கு அழைக்கப்பட்ட சிசிலி இளைஞர்களை நெடுங்காலம் பரிசோதித்தவர். கையை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார். மணிக்கட்டருகே அகன்ற தழும்பு. அங்கிருந்து முழங்கையை நோக்கி இறங்கிய மெல்லிய கோடுகள்.

"இரும்பு ஒழுகாது, சிஞ்ஞோரீனா. இது ஏதோ திரவம். வலது கைக்கு எட்டுகிற இடம், அவரே ஊற்றியிருக்கிறார். எங்கள் பையன்கள் இராணுவத்துக்குத் தப்ப, காய்ச்சல் வரட்டுமென்று கக்கத்தில் பூண்டு வைத்துக்கொண்டு வருவார்கள். கதவைத் திறக்கும் முன்பே மணக்கும்."

"கதையை மாத்தாதை, பிள்ளை," என்றார் சித்தப்பா.

"அவருக்கு விளங்கிட்டுது, அண்ணா. என்ன சொல்ல?"

"உள்ளதைச் சொல்லு," என்றார் அண்ணா.

சொன்னேன். சண்டைக்கு ஆள் சேர்ப்பவர்கள் அண்ணாவைத் தேடி வரப்போவது தெரிந்ததும், தோலை எரித்துப் புண்ணாக்கும் மரமுந்திரிகைக் கொட்டையின் எண்ணெயைத் தன் கையில் ஊற்றிக்கொண்டார். புண்ணைக் கண்டவர்கள் தொற்றுநோயென்று விட்டுப் போனார்கள்.

"அப்படியானால் ஏமாற்றியிருக்கிறார்."

"துவக்கைத் தொடாமலிருக்க ஏமாற்றினார். வேறு வழி இருந்திருந்தால் ஒருவர் தன் கையைத் தானே எரிப்பாரா? அதை எழுதுங்கள்." என் குரல் உயரவில்லை, இறங்கவுமில்லை.

"திருப்பி அனுப்பினால் என்ன செய்வார்?"

கேள்வியை அண்ணாவிடம் சொன்னேன்.

"மற்றக் கையும் இருக்கு எண்டு சொல்லு."

ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். மருத்துவர் எழுதினார்: காயம் அவரே உண்டாக்கியது, படையில் சேராமலிருப்பதற்காக.

வெளியே வந்ததும் சித்தப்பா, "இதோடை முடிஞ்சுது உங்கடை பெர்மெஸ்ஸோ," என்றார்.

"முடிஞ்சா முடியட்டும், சித்தப்பா. இனி எங்கை கேட்டாலும் இதைத்தான் சொல்லுவம்," என்றேன்.

அந்தக் குளிர்காலத்தில் அனுமதி வந்தது. உண்மையைச் சொல்லச் சொன்னதே தான்தான் என்று, கபோ சந்தையில் கண்டவர்களிடமெல்லாம் சித்தப்பா கதைத்துத் திரிந்தார். நான் அருகில் நின்றபோதெல்லாம் திருத்தினேன்.