மூன்றாவது காடைக் குஞ்சு

ஈரப் பிளாஸ்டர் வாசனை. பக்கத்து ஃப்ளாட்டில் கூரைக்கு அலங்கார வேலை நடக்கிறது. வாளியில் வெள்ளை மாவைக் கரைக்கிறார்கள். அந்த வாசனை சுவரைத் தாண்டி வந்த மறுகணம் என் காதுக்குள் காடைக் குஞ்சுகள் கத்துகின்றன. மூக்குக்கும் காதுக்கும் இடையில் ஒரு வாளி இருக்கிறது. அதைச் சொல்லாமல் இன்று எனக்கு வேறு வேலை ஓடாது.

எழுபதுகளின் கடைசி. தில்லி கரோல் பாகில் மாடியில் இரண்டு அறை, குளிர் போக மனமில்லாமல் நின்றிருந்த மாதம். எனக்கு ஏழு வயது. தங்கை பிறந்து ஆறு வாரம். அவளுடைய பாதங்கள் இரண்டும் உள்பக்கம் மடங்கி, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு, வாரம் ஒருமுறை மாற்ற வரச் சொன்னார்கள். மூன்றாம் நாள் கட்டைக் காணோம். “தானா கழண்டு விழுந்துருச்சு” என்றாள் அம்மா. அன்று குளியலறை வாளியின் அடியில் வெள்ளைச் சேறு படிந்திருந்தது. வெந்நீர் ஆவியில் இந்த வாசனை. கோலமாவு கொட்டிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு அப்பா ஆஸ்பத்திரிக்காக இரண்டு முறை லீவு போட்டார். இரண்டு முறையும் பாப்பாவுக்குச் சளி. பாப்பாவின் கால்மேல் எந்நேரமும் போர்வை. அம்மா பின்னிக்கொண்டிருந்த ரோஸ் காலுறை பாதியில் நின்று, ஊசியோடு கட்டிலுக்கடியில் கிடந்தது.

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. ஊருக்கு வெளியே ஒரு கோழிப் பண்ணையில் வேலை. அங்கே புதிதாக ஜப்பான் காடை பொரிக்கத் தொடங்கியிருந்தார்கள். கால் சரியில்லாத குஞ்சுகளைக் கழித்துவிடுவார்கள். கழிப்பது என்றால் என்ன என்று மாமா எனக்குச் சொல்லவில்லை. மூன்றை மட்டும் செருப்புப் பெட்டியில் வைத்து, கோட்டுக்குள் மறைத்து, பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார்.

கட்டைவிரல் பருமன். முதுகில் மஞ்சள் கோடு. வழுக்கும் தட்டில் பொரிந்ததால் கால் ஊன்றப் பிடியில்லாமல், இரண்டு கால்களும் இரண்டு திசைக்குப் போயிருந்தன. தண்ணீரே இல்லாத இடத்தில் நீந்திக்கொண்டிருந்தன மூன்றும்.

மாமா பெட்டிக்குள் பழைய துண்டை விரித்தார். மேலே பல்பைத் தொங்கவிட்டார். சோடா மூடியில் தண்ணீர் ஊற்றி, குஞ்சு விழுந்து மூழ்காமலிருக்கக் கூழாங்கல் போட்டார். கால்களைச் சேர்த்துக் கட்ட நூல் கேட்டார். நான் ரோஸ் கம்பளி நூலை இழுத்துக்கொண்டு வந்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாலு நாள் அவுக்கக் கூடாது, டாக்டரம்மா. கத்தும். கத்தட்டும். எலும்பு பச்சையா இருக்கிறப்பவே கட்டிறணும்” என்றார் மாமா என்னிடம்.

கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “உனக்கென்னடா, கட்டிட்டு பஸ் ஏறிப் போயிருவ. கத்துறதைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவளுக்குல்ல தெரியும்.”

மாமா குனிந்தபடியே முடிச்சைச் சரிபார்த்தார். அது எப்போதோ சரியாகத்தான் இருந்தது.

கத்தின. ஊசி நுனியளவு சத்தம், ஆனால் நிற்காத சத்தம். பள்ளிக்கூடம் போனால் அங்கேயும் கேட்டது. இரண்டு குஞ்சுகள் மறுநாளே அடங்கிவிட்டன. மூன்றாவது அடங்கவில்லை. கட்டோடு எழும், விழும், என்னைப் பார்க்கும். என்னைத்தான் பார்த்தது என்று இன்றும் சத்தியம் செய்வேன். அன்று சாயங்காலம் அதன் நூலை மட்டும் அவிழ்த்து என் பாவாடைப் பையில் ஒளித்துக்கொண்டேன். உடனே அது உள்ளங்கையில் ஒடுங்கித் தூங்கியது. உலகத்திலேயே நல்லவள் நான்தான் என்று அப்போது தோன்றியது.

நான்காம் நாள் மாமா வந்து நூல்களை வெட்டினார். முதலாவது நின்றது. இரண்டாவது நின்று, தள்ளாடி, தண்ணீர் மூடிவரை நடந்தேபோனது. மூன்றாவதைப் புரட்டிப் பார்த்தார்.

“இதோட கட்டு எங்க?”

“தானா கழண்டு விழுந்துருச்சு” என்றேன்.

சொல்லிவிட்டு அம்மாவைத்தான் பார்த்தேன். வீட்டில் செல்லுபடியாகிற பதில் என்பதால்தான் சொன்னேன். அம்மாவின் முகம் என்னமோ ஆனது. எனக்குப் பயம் வந்துவிட்டது. பையிலிருந்து நூலை எடுத்து நீட்டினேன்.

“ரொம்ப அழுதுச்சு மாமா. அவுத்ததும் தூங்கிருச்சு.”

மாமா திட்டவில்லை. இரண்டு விரலால் அந்தக் கால்களைச் சேர்த்துப் பிடித்தார், விட்டார். மறுபடி விரிந்துகொண்டன. துண்டில் இறக்கினார். அது நீந்தியது.

அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இனிமே கட்டினா ஆகாதாடா?”

“இதுக்கு ஆகாதுக்கா” என்றார் மாமா. பிறகு, பாப்பா பக்கம் திரும்பாமலே, “பாப்பாவுக்கு இன்னும் நாள் இருக்கு” என்றார்.

அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். காடைக்காக இவ்வளவு அழுகிறாளே, நான் எவ்வளவு பெரிய தப்புச் செய்துவிட்டேன் என்று நானும் அழுதேன். மாவுக்கட்டு தானாகக் கழலாது, வெந்நீரில் ஊறவைத்தால்தான் இளகும் என்பதெல்லாம் எனக்குத் தெரிய இன்னும் பல வருஷம் இருந்தது. தங்கை இப்போது மெட்ரோ படிகளை என்னைவிட வேகமாக ஏறுகிறாள். இடது செருப்பின் வெளியோரம் மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும். அந்தச் சில வாரங்கள் அங்கேதான் தேய்கின்றன.

மறுநாள் காலை கீழே ஸ்கூட்டர் ரிக்‌ஷா வந்து நின்றது. அப்பா “ஜல்தி, ஜல்தி” என்று தெருவிலிருந்து கூப்பிட்டார். அம்மா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முதல் முறையாகப் பாதங்கள் போர்வைக்கு வெளியே இருந்தன. நான் மூன்றாவது குஞ்சைக் கையில் பொத்திக்கொண்டு படியில் நின்றேன். இரண்டு படி இறங்கியவள் திரும்பி ஏறி வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலித்தது.

“பாப்பா கட்டோட வருவா. அழுவா. நான் வெந்நீர் வாளியைத் தூக்கினேன்னா, நீ ஓடிவந்து என் கையைப் பிடிச்சுக்கணும். என்ன?”

வாளி கனம், பாவம், ஒத்தை ஆளாக எப்படித் தூக்குவாள் என்று எனக்குப் பட்டது.

“அச்சா, சரிம்மா. ரெண்டு பேரும் சேர்ந்தே தூக்குவோம்.”