அம்பத்தெட்டு கிலோ ஏலவார்குழலி

பிள்ளையார்பாளையத்தில் ஏலவார்குழலி வீடு எது என்று கேட்டால் எல்லாரும் விழிப்பார்கள். ‘அம்பத்தெட்டு’ வீடு என்றால் சின்னப் பிள்ளைகூடக் கையைக் காட்டும். அந்தப் பெயரை வைத்த புண்ணியவதி மணியம்மாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் மணியம்மாள் தன் மகன் வரதராஜனுக்குக் குழலியைப் பெண் பார்த்தாள். காமாட்சியம்மன் கோயிலில் வைத்துப் பார்த்து, “நல்லா வாட்டசாட்டமா இருக்குது” என்று மெச்சினாள். திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டில், காசு போட்டால் சீட்டு தரும் எடை மெஷின். விளையாட்டாகப் பையனையும் பெண்ணையும் ஒவ்வொருவராக அதில் ஏற்றினாள். பையன் ஐம்பத்திரண்டு கிலோ. பெண் ஐம்பத்தெட்டு.

“இன்னாம்மா இது! மாப்பிள்ளையைவிடப் பொண்ணு ஆறு கிலோ கனமா இருக்குது! எம்புள்ள சோத்தையும் சேத்துத் துன்னுடும் போல!”

கூட்டமே சிரித்தது. சம்பந்தம் அங்கேயே முறிந்தது. பையனைவிடப் பெண் நாலு அங்குலம் உயரம் என்பது யார் வாயிலும் வரவில்லை.

அடுத்து வந்த மூன்று வரன்களுக்கும் அந்த எண் முன்னாலேயே போய்ச் சேர்ந்தது. குழலி இரவுச் சாப்பாட்டை விட்டாள். பட்டு இழை சுற்றும் ராட்டைமேலேயே ஒருநாள் மயங்கி விழுந்தாள். டாக்டர் சாமுவேலிடம் தூக்கிக்கொண்டு போனபோது எடை நாற்பத்தொன்பது. அவர் சுவரில் தொங்கிய உயரம்-எடைப் பட்டியலைக் காட்டினார்.

“எடையை மட்டும் வச்சிக்கினு என்னம்மா சொல்றது? ஒசரத்தோட சேத்துப் பாக்கணும். ஆறு கஜப் புடவையும் ஒம்பது கஜப் புடவையும் ஒரே எடையா இருக்குமா? உன் அஞ்சடி ஆறுக்கு அம்பத்தெட்டு கச்சிதம். இப்பத்தான் கொறச்சல்.”

குழலிக்கு ஆறுதல் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஒன்றுமில்லாத குற்றத்துக்கா இத்தனை பட்டினி?

தேறியதும் அவரிடமே வேலைக்குச் சேர்ந்தாள். வருகிறவர்களின் உயரத்தையும் எடையையும் அளந்து சொல்ல வேண்டும். அளந்தது வெளியே போனால் வேலை போய்விடும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். பத்து வருஷம் வாயைத் திறக்கவில்லை. இரவுச் சாப்பாடும் திரும்பியது. இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ள மட்டும் இன்னும் கூசும்.

எழுபத்துநாலில் வரதராஜன் இன்ஷூரன்ஸ் பரிசோதனைக்கு வந்தான். முன்னால் தொப்பை, பின்னால் அம்மா. இருவருக்கும் குழலியை அடையாளம் தெரியவில்லை. எடை அறுபத்துநாலு. மணியம்மாள் காதோரம் வந்தாள்.

“ஒசரத்தை ரெண்டு இன்ச்சு கூட்டிச் சொல்லிடும்மா. அப்படிச் சொன்னாத்தான் பாலிசி கெடைக்கும்னு ஏஜெண்டு சொன்னாரு. உனக்குப் புண்ணியமாப் போவும்.”

குழலி அளவுகட்டையை அவன் தலைமேல் அழுத்திப் பிடித்தாள். ஒரு முடிகூடக் கணக்கில் வரக் கூடாது.

“அஞ்சடி ரெண்டு, டாக்டர்! எடை அறுபத்துநாலு! ஒசரத்துக்கு ஜாஸ்தி!” என்று வாசல்வரை கேட்கக் கத்தினாள். பிறகு மணியம்மாள் பக்கம் திரும்பினாள். “என்னைத் தெரியல? அம்பத்தெட்டு.”

மணியம்மாள் முகம் செத்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். குழலி விடவில்லை. மறுநாள் காலை மணியம்மாள் தெருக் குழாயடிக்கே குடத்தோடு போய், வரதராஜனின் எடையை ஒரே ஒரு முறை சொன்னாள். சனிக்கிழமைக்குள், “அறுபத்துநாலு போவுது பாரு” என்று அந்தத் தெருப் பிள்ளைகள் வரதராஜன் சைக்கிளுக்குப் பின்னால் ஓடினார்கள்.

திங்கட்கிழமை டாக்டர் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். அவள் வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டாள். பிறகு இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள்.