சதுர மங்கு

சலவைத் துணியை மூடித்தரும் பாலித்தீன் உறையிலிருந்து அவள் இரண்டு துண்டுகளை வெட்டி, கிரீம் பூசிய கன்னங்களின் மேல் வைத்து, நான்கு ஓரங்களிலும் டேப் ஒட்டினாள். கண்ணாடியில் பார்த்தாள். காற்றுக்குமிழ் எதுவும் இல்லை. வேலை சுத்தமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல். கடைக்குப் போயிருந்த தங்கை கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"என்னக்கா, மூஞ்சியப் பார்சல் கட்டியாச்சு. அட்ரஸ் எழுதலையா?"

"சிரிக்க வைக்காத. டேப் பிரிஞ்சிரும்."

"டாக்டரா ஒட்டச் சொன்னாங்க?"

"டாக்டருக்கு என்ன தெரியும், ஒண்ணாம் தேதி வருதுன்னு."

சலவைக் கடையில் அவள் கறை எடுப்பவள். எல்லோரும் கறையக்கா என்பார்கள். பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. பின்னறையில், ஆவி கக்கும் இஸ்திரி மேசைகளுக்கு நடுவே அவளுடைய மேசை. நாள் முழுக்க நின்றபடி வேலை. கன்னங்களில் கறுந்திட்டாக மங்கு விழுந்தது மகன் வயிற்றில் இருந்தபோது. பிள்ளை பிறந்தால் போய்விடும் என்றார்கள். பிள்ளை பிறந்து, வளர்ந்து, வெளியூருக்கு வேலைக்கும் போய்விட்டான். மங்கு போகவில்லை. கணவர் இருந்தவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் இறந்த பிறகு தங்கை வீட்டுக்கு வந்தாள். தங்கை எல்லாவற்றைப் பற்றியும் சொன்னாள்.

முன்பக்கக் கவுண்டரில் இருந்த பெண் மாதக் கடைசியில் வேலையை விடுகிறாள். முதலாளியம்மா கறையக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "உனக்குத்தான் துணி தெரியும், ஒண்ணாம் தேதியிலிருந்து அங்க நீ உக்காரு. ஆனா மூஞ்சியக் கொஞ்சம் கவனி. கறை எடுக்கிற கடையில கறையோட உக்காந்தா யாரு நம்புவா?" சொல்லிவிட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அந்த இடம் அவளுக்கு வேண்டும். முழங்கால்கள் சாயங்காலத்தில் வீங்கிவிடுகின்றன.

தோல் டாக்டர் ஒரு கிரீம் எழுதிக் கொடுத்திருந்தார். இரவில் மட்டும், மங்கின் மேல் மட்டும், லேசாக. பகலில் வெயிலுக்கான கிரீம். அவசரம் கூடாது. சில வாரங்களில் மங்கு கொஞ்சம் வெளிறியது. கொஞ்சம் போதவில்லை.

கடையில் பிடிவாதமான கறைக்கு ஒரு வழி உண்டு. மருந்து ஊற்றி, காய்ந்துவிடாமல் மேலே பாலித்தீன் மூடி ஊறவிட வேண்டும். அதற்கு முன் துணியின் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். அதன்படி சனிக்கிழமை காதுக்குப் பின்னால் கிரீமைத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் இரண்டு கன்னங்களிலும் கனமாகப் பூசி மூடினாள். சற்று நேரத்தில் எரிந்தது. எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டாள். மாலையில் டேப்பைப் பிரித்தபோது தோலும் கொஞ்சம் உரிந்து வந்தது.

திங்கட்கிழமை டாக்டர் விளக்கை அருகில் இழுத்துப் பார்த்தார்.

"ஏம்மா, இது என்ன சதுரமா இருக்கு?"

அவள் சொன்னாள். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"துணி போனா வேற துணி எடுக்கலாம். இதுக்கு எங்க போவீங்க?"

"எப்ப சரியாகும்?"

"முதல்ல புண் ஆறணும். அந்தக் கிரீம இனி தொடாதீங்க. ஆறுனப்புறம் இன்னும் கறுக்கவும் செய்யலாம். அப்புறம் மெதுவாப் பார்ப்போம். மாசக்கணக்காகும். முழுசாப் போகும்னு நான் சொல்லல." பிறகு கேட்டார், "வேலை வெயில்லயா?"

"இல்லையே, உள்ளதான். இஸ்திரி ரூம்ல."

"அந்தச் சூடும் ஆகாது. வேற இடம் மாத்திக் கேளுங்க."

கேட்பதற்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அங்கிருந்து நேரே கடைக்குப் போனாள். முதலாளியம்மா கவுண்டருக்குப் பின்னால் ரசீது கிழித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் கையை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தார்.

"அடக் கடவுளே. இஸ்திரிப் பெட்டி பட்டுதா?"

"இல்ல மேடம். நானே செஞ்சுக்கிட்டேன்."

"ஒண்ணாம் தேதிக்குள்ள ஆறுமா?"

"புண்ணு ஆறலாம். மங்கு ஆறாது. எனக்கு இந்த இடம் வேணும் மேடம். உள்ளே சூட்டுல நிக்கக் கூடாதாம்."

"இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டா? வர்றவங்க கேப்பாங்கம்மா."

"கேட்டா சொல்றேன்."

"என்னன்னு?"

"மங்குன்னு. வேற என்ன சொல்ல?"

முதலாளியம்மா ரசீதைக் கிழித்து முடித்தார். "பவுடராவது போட்டுக்கிட்டு வா."

"போடக் கூடாதாம்."

"எல்லாத்துக்கும் ஒரு டாக்டர் வச்சிருக்க." ரசீதுப் புத்தகத்தை மூடினார். "சரி, நாளைக்கு ஒரு நாள் உக்காரு. இப்ப இருக்கிற பொண்ணும் பக்கத்துல இருக்கட்டும். ஒருத்தராவது முகம் சுளிச்சா, அப்புறம் என்னைக் கேக்காத."

மறுநாள் காலை முகத்தைத் தண்ணீரில் மட்டும் கழுவி, புண்ணுக்கு டாக்டர் கொடுத்த களிம்பைத் தடவினாள். அது தோலில் ஊறிய பிறகு வெயிலுக்கான கிரீமைப் பூசினாள். குடை பிடித்துக்கொண்டு போனாள். முதலாளியம்மா கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். முதலில் வந்தவர் ஒரு கோட்டைக் கொடுத்தார். அவள் அதன் பையைத் துழாவி, உள்ளே இருந்த சாவியை எடுத்துக் கொடுத்தாள். அவர் சாவியைத்தான் பார்த்தார். பள்ளிச் சீருடை கொண்டுவந்த பெண் கன்னத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். இவள் சொன்னாள். தனக்கும் நெற்றியில் இருப்பதாகச் சொன்ன அந்தப் பெண் கிரீமின் பெயரைக் கேட்டாள். இவள் டாக்டரிடம் போகச் சொன்னாள். ஒரு பெண்மணி இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, துணியைக் கவுண்டரில் வைக்காமல் வேலையை விடப்போகும் பெண்ணின் கையில் கொடுத்தார். முதலாளியம்மா அதைப் பார்த்தார்.  மதியம் கூட்டம் இல்லை. சாயங்காலம் மழை தூறியது. கடை மூடும்போது முதலாளியம்மா, நாளைக்கும் கவுண்டருக்கு வரச் சொன்னார். ஒன்றாம் தேதியைப் பற்றி இருவரும் பேசவில்லை.