ஈப்போவுக்குப் போகும் பக்கம்

என் விளையாட்டை எங்கள் வீட்டில் ஒருவர்கூட ஒழுங்காக விளையாடவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்த ஆத்திரம் எனக்கு முழுதாக அடங்கவில்லை.

மலேசியாவில், பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்குப் பதினொரு வயது. ஈப்போவில் விடுதியில் தங்கிப் படித்த அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது, பள்ளிக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு இருப்பதாகச் சொன்னான். படமே கிடையாதாம். “நீ குகை வாசலில் நிற்கிறாய்” என்று எழுத்து வருமாம். “உள்ளே போ” என்று தட்டினால் அடுத்தது வருமாம். தோட்டக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லயத்தில் கம்ப்யூட்டருக்கு எங்கே போவது? நானே கம்ப்யூட்டர் ஆனேன். விடுமுறை முழுவதும் உட்கார்ந்து, ஒரு தடித்த நோட்டில் பக்கத்துக்கு ஓர் இடமாகத் தோட்டத்தையே எழுதினேன். ரப்பர் பால் கொட்டகை, ஆற்றுப் பாலம், வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பங்களா, அதன் மாடியில் ஒரு பெட்டி. ஆடுகிறவர் என்ன செய்யப்போகிறார் என்று சொன்னால், நான் பக்கத்தைப் புரட்டி நடந்ததை வாசிப்பேன்.

அப்பா பாலம் வரை வந்து தூங்கிவிட்டார். அப்பாவின் தங்கை, என் அத்தை, அதைவிட மோசம். ரப்பர் மரம் சீவிவிட்டு மத்தியானம் திரும்பியதும் ஆசையாகத்தான் வந்து உட்காருவாள்.

“கோயில் முன்னால நிக்கிற. என்னா செய்வ?”

“பஸ் ஏறுவேன்.”

“பஸ்ஸெல்லாம் இல்ல அத்த! பங்களாவுக்குப் போ.”

“பங்களாவுல எனக்கு என்னா வேல? நீ பஸ்ஸ எழுதுலா.”

தினமும் இதே அக்கிரமம். கடைசியில் நான்தான் இறங்கிவந்தேன். அண்ணனைக் கேட்டுக் கேட்டு எழுதினேன்: பீடோரில் எந்த பஸ், ஈப்போவில் இறங்கி எந்தப் பக்கம் நடப்பது, அவன் கூட்டாளியின் அக்கா வேலை செய்த ஃபேக்டரி, அங்கே பெண்களை ஏற்றிப்போகும் வேனின் நிறம், அவர்கள் சேர்ந்து தங்கியிருந்த வீடு. அத்தை இரண்டாம் வகுப்போடு நின்றவள். “இன்னொரு தடவ வாசி” என்பாள். ஒரு பக்கத்தையே எத்தனை முறை வாசிப்பது? இவ்வளவு மறதியா என்று எரிச்சலாக வந்தது.

ஹுத்தான் மெலிந்தாங் ஊரிலிருந்து அத்தைக்கு ஒரு மாப்பிள்ளை அமைந்தார். மனைவியை இழந்தவர், அப்பாவைவிட மூத்தவர். பரிசம் போட அவர்கள் வரவேண்டிய நாளன்று காலையில் அத்தையைக் காணவில்லை.

தேடும்போது அப்பா கையில் நோட்டு சிக்கியது. நின்றபடியே அந்த ஈப்போ பக்கத்தை வாசித்தார்.

“வழிய எழுதியா குடுத்த?”

“அது வெளையாட்டுப்பா!”

பிரம்பு முறியும்வரை அடித்தார். நோட்டை அடுப்பில் போட்டார். விடுமுறை முழுவதும் எழுதியது! ஒருவராவது மாடிவரை போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஓடிப்போனது அத்தை, அடி எனக்கு. என்ன நியாயம் இது?

சாயங்காலம் அம்மா என் முதுகில் எண்ணெய் தடவினாள். அப்பா வெளியே போனதும் கேட்டாள்:

“அந்த ஈப்போ பக்கம் ஞாபகம் இருக்கா? மொள்ளமா சொல்லு.”

சொன்னேன். பஸ், நடை, வேன், வீடு.

“அந்த வீட்டுல பொம்பளைங்க மட்டுந்தானே?”

“ஆமா.”

“எல்லாம் சரியாத்தானே எழுதியிருந்த?”

“ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லம்மா.”

அம்மா கண்ணை மூடி மூச்சு விட்டாள். இந்த வீட்டில் என் விளையாட்டை மதித்த ஒரே ஆள் அம்மாதான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.