பிடுங்கி வைத்த பியூஸ்

அக்கா வீட்டு எலுமிச்சைத் தோட்டம் சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி போகிற ரோட்டை ஒட்டி இருக்கிறது. திருப்பூரில் சாயப்பட்டறை வேலை போனபின், ஆவணிக் கடைசியில் அங்கே போய்ச் சேர்ந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த ஊரிலும் நிலைத்ததில்லை. இந்த முறை தங்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

மறுநாளே அத்தானின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று அக்காவும் அத்தானும் நெல்லைக்குக் கிளம்பினார்கள்.

“ஆட்ட மட்டும் பாத்துக்கோ மாப்ளே. வேற ஒண்ணும் செய்யாண்டாம்” என்றார் அத்தான்.

தோட்டத்துக்குள் போனால் மரமெல்லாம் வாடி நின்றது. இலைகள் சுருண்டிருந்தன. மண் வெடித்துக் கிடந்தது. கிணற்றிலோ தண்ணீர் இருந்தது. மோட்டார் ரூமில் ஸ்விட்சைப் போட்டேன், ஓடவில்லை. பியூஸ் ஜன்னல் திட்டில் கழற்றி வைத்திருந்தது. ஏதோ ரிப்பேர், ஆள் கிடைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று நானாக முடிவு செய்தேன். புதுக் கம்பி சுற்றிச் செருகியதும் மோட்டார் ஓடியது. பட்டினி கிடந்து பழகியவன் என்பதால் மரங்களைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவர்கள் திரும்பும்வரை தினமும் காலையில் பாய்ச்சினேன். அத்தான் முகம் எப்படி மாறும் என்று நினைத்து நானே சிரித்துக்கொண்டேன்.

பத்து நாளுக்கு மேலாயிற்று அவர்கள் வர. கிளை நுனியெல்லாம் பளபளவென்று கொழுந்து. அத்தான் ஒரு கொழுந்தைக் கிள்ளிப் பார்த்தார்.

“பியூஸப் போட்டது யாரு?”

“நான்தான் அத்தான். மோட்டாரு நல்லாத்தான் ஓடுது.”

“ஓடும். ஓடக்கூடாதுன்னுதான் பிடுங்கி வச்சேன்.”

அக்கா தலையில் கைவைத்தாள். “ஏலே, காயப் போட்டாத்தானல பூக்கும். இங்கன சின்னப்பிள்ளைக்குக் கூட தெரியுமே.”

ஐப்பசி மழைவரை மரத்தைக் காயவிட்டால் மழையோடு பூத்து, சித்திரை வெயிலில் காய் பறிக்கலாம். பழத்துக்கு விலை நிற்கிற காலம் அதுதான். வருஷம் முழுக்க அந்தக் குடும்பம் எதிர்பார்த்திருக்கிற பறிப்பும் அதுதான்.

அக்கா மகளின் தாவரவியல் புத்தகத்தைப் பிறகு எடுத்துப் புரட்டினேன். தண்ணீர் குறைந்ததும் வேரில் அப்சிசிக் அமிலம் என்றொரு ஹார்மோன் ஊறி இலைக்கு ஏறுகிறதாம். இலை தன் துளைகளை மூடிக்கொள்ளும். வளரச் சொல்கிற ஜிப்ரெல்லின் அடங்கும். அப்போதுதான் எலுமிச்சை பூப்பதற்குத் தயாராகிறது. நடுவில் தண்ணீர் கிடைத்தால் ஜிப்ரெல்லின் மறுபடி எழும்பி, பூ வரவேண்டிய இடத்தில் இலையைத் தள்ளிவிடும். பாதிதான் புரிந்தது. நான் செய்தது என்ன என்று தெரிந்துகொள்ள அந்தப் பாதி போதும்.

யாராவது திட்டியிருந்தால் வழக்கம்போல் பஸ் ஏறியிருப்பேன். ஒருவரும் திட்டவில்லை. ஆனாலும் ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். ரோட்டில் பைக்கை நிறுத்தி ஒரு பெரியவர் அத்தானிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“என்னவே, தோட்டம் இம்புட்டுப் பச்சையா நிக்கி? என்ன உரம்?”

“உரம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. மாப்ள கைராசி.”

“அப்ப எங்க தோட்டத்துக்கும் அனுப்பும்.”

“அவன அனுப்ப முடியாது. இங்கனதான் இருப்பான்.”

அத்தான் குத்துகிறாரா, தாங்குகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. பையோடு வீட்டுக்குள் திரும்பினேன். அதன்பிறகு தோட்டத்தை யார் புகழ்ந்தாலும் நான் ஆட்டுக்கொட்டகைக்குப் போய்விடுவேன்.

சித்திரையில் அக்கா வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். ஜூஸ் போட மரத்தில் நாலு பழம் தேறவில்லை. சங்கரன்கோவில் கடைக்கு என்னைத்தான் அனுப்பினாள்.

கடைக்காரர் பழத்தைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார். “எலுமிச்சத் தோட்டத்துக்காரன் எலுமிச்ச வாங்குதீரு. மரம் என்னவே ஆச்சு?”

“தண்ணி பாச்சிட்டேன் அண்ணாச்சி.”

அவர் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு அதைச் சொன்னார். இருவரும் சிரித்து முடிக்கும்வரை பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.